சவத்துக்குக் காவல்

ஐஸ்பெட்டிக்குக் கீழே தலையை விட்டு மல்லாக்கப் படுத்திருந்தான் சுரேஷ்கண்ணன். அய்யாவின் முதுகு அவன் மூக்குக்கு ஒரு முழம் மேலே இருந்தது. நடுவில் ஒரு தகரம், ஒரு கம்ப்ரசர், போன சாவு வீட்டில் ஒட்டிய ரோஜா இதழ் இரண்டு. உயிரோடு இருந்தபோது அப்பனும் மகனும் இவ்வளவு பக்கத்தில் படுத்ததாக அவனுக்கு நினைவில்லை.

"டெஸ்டர எடு தம்பி" என்று கையை மட்டும் வெளியே நீட்டினான்.

உத்தமபாளையத்திலிருந்து பெட்டியோடு வந்திருந்த வீரபாண்டி டெஸ்டரை அந்தக் கையில் வைத்தான். "பெட்டியில கொறை இல்லண்ணே. இங்கன ஓல்டேஜ் பத்தல. நேத்து கூடலூர்ல ஒரு பாடி வச்சோம், கண்ணாடி பூரா பனி பிடிச்சு ஆளே தெரியல. அம்புட்டு குளுமை."

"எங்க பாடிக்கு வேர்க்குதே தம்பி."

சொன்ன பிறகுதான் 'எங்க பாடி' என்று சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. விடியற்காலையில்தான் அந்த மனிதர் கர்ணன். மதியத்துக்குள் பாடி.

பழனிசெட்டிபட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் சுரேஷ்கண்ணன். அய்யாவின் ஊரான இந்தப் புதுப்பட்டியில் பாதிக் கிணறு அவன் கட்டிய காயிலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெத்த அப்பன் படுத்திருக்கும் பெட்டியை ஓட்ட முடியாதவனிடம் நாளைக்கு எவன் மோட்டாரைக் கொண்டுவந்து போடுவான்? சாவு வீட்டில் இப்படி ஒரு கவலை வந்ததற்காகத் தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே ரிலேயைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பெட்டி ஒரு உறுமல் உறுமி ஓடியது.

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?" நதியா குனிந்து கேட்டாள். அவன் மனைவி. திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த அவன் தங்கை மகாலட்சுமிக்காகத்தான் இந்தப் பெட்டியே. "வத்தலக்குண்டு தாண்டிட்டாளாம்."

"கரண்டு தாங்குனா பெட்டி தாங்கும்."

"அத்தைய என்ன செய்யப் போறீக? இன்னும் தொழுவத்துலதான் இருக்காக."

அதுதான் அன்றைக்கு அவனால் ரிப்பேர் செய்ய முடியாத இன்னொன்று. அம்மா காலையிலிருந்து அய்யாவைப் பார்க்க வரவில்லை. கட்டின பொண்டாட்டி வந்து வாய்க்கரிசி போடாமல் தூக்க மாட்டோம் என்று ஊரில் நாலு பெரிய மனிதர்கள் பந்தலில் நாற்காலி போட்டுச் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு இரண்டாவது டீயும் குடித்துவிட்டார்கள்.

சுரேஷ்கண்ணன் வெளியே வந்து சட்டைத் தூசியைத் தட்டினான். காலையிலிருந்து அய்யாவுக்கு எத்தனை பெயர் என்று எண்ணத் தொடங்கியிருந்தான். வீரபாண்டிக்குப் பாடி. எழுதிப் போக வந்த தலையாரிக்குப் பிரேதம். பந்தல்காரருக்குப் பொணம். அய்யாவோடு வண்டி அடித்த சுருளியாண்டி மாமாவுக்கு, "கட்டை எத்தன மணிக்குக் கெளம்புது?" ஆனால் ஒருத்தர் வாயிலும் சவம் என்ற சொல் மட்டும் வரவில்லை. வாய்வரை வந்தவர்களும் முழுங்கினார்கள். ஏனென்றால் அந்த ஊரில் சவம் என்றால் அது கர்ணன்தான்.

அம்மா வைத்த பெயர். ராமுத்தாய் புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். அவள் வயதில் யாரும் சொல்வதில்லை. மற்றவர்கள் 'இந்தாங்க', 'எங்க வீட்டுக்காரரு', 'சுரேசு அப்பா' என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். அம்மா 'சவம்' என்று வைத்துக்கொண்டாள். "ஏ சவம், சோறு வச்சிருக்கு." "சவம் தோட்டத்துக்குப் போயிருக்கு." வையும்போது மட்டும் இல்லை, எப்போதும் அதுதான். அய்யாவும் கட்டிலிலிருந்து, "இந்தா வாரேன்" என்று எழுந்து போவார். ஒருநாளும் முகம் கோணியதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேரென்ன என்று புதிதாக வந்தவன் கேட்க, அம்மா யோசிக்காமல் "சவம்" என்று சொல்ல, அவன், "எப்பம்மா தவறுனாரு, பேர எடுத்துரவா?" என்று கேட்ட கதையைச் சுரேஷ்கண்ணன் தன் கடையில் சொல்லாத ஆள் இல்லை. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் காயில் காயும்வரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது. கம்பம்மெட்டுக்கு மேலே மலையாளத்துக்காரர்கள் வாய்க்கு வாய் சவம் என்றுதான் வைவார்கள். ஏலத்தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றி மாட்டுவண்டி அடித்தவர் அய்யா. திரும்பும்போது வெறும் வண்டியில் அந்தச் சொல்லை ஏற்றிக்கொண்டு வந்து பொண்டாட்டியிடம் இறக்கியிருப்பார், அவள் அதை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்படிச் சொல்லிவிட்டு, "எங்கய்யா கேரளாவுலருந்து கொண்டாந்த ஒரே சாமான் அதுதான்" என்று முடிப்பான். சிரிப்பு நிச்சயம்.

விடியற்காலையில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள்தான் அவனுக்குப் போனில் சொன்னாள். தொழுவத்தை ஒட்டிப் போட்ட கட்டிலில் அய்யா படுத்திருந்தாராம். அம்மா காப்பியோடு நின்று, "ஏ சவம், எந்திரி, ஆறுது" என்றாளாம். மறுபடியும் சொன்னாளாம். மறுபடியும். பிறகு டம்ளரைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தொழுவத்துக்குள் போய்விட்டாளாம். டம்ளர் இன்னும் அங்கேயே இருந்தது. ஆடை படிந்து, ஆடையில் ஒரு எறும்பு.

"ஏலே சுரேசு!" சந்தனம்மாள் அத்தை, அய்யாவின் தங்கை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "உங்காத்தாள நீ கூட்டியாரியா, நான் போயி இழுத்துட்டு வரவா?"

"நீங்க இழுத்தா மாடும் கூடச் சேந்து வரும் அத்தை. சும்மா இருங்க."

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு. எங்கண்ணன் அங்கன அநாதையாக் கெடக்காக."

அத்தை நிற்கவில்லை. அவள் பின்னால் அவனும் போனான்.

அம்மா தொழுவத்தில் மாட்டுக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, காய்ந்த வாழை மட்டையிலிருந்து நார் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிழித்த நார் ஒரு குவியல். பூக்கடைக்காரன் ஒரு வருடம் கட்டினாலும் தீராது. கண்ணில் ஈரம் இல்லை. அழுத தடமும் இல்லை.

"மதினி" என்றாள் அத்தை. "சவம் சவம்னு வாய் ஓயாம கூப்புட்டயே எங்கண்ணன. இந்தா, ஆயிட்டாக. இப்பவாச்சும் வயிறு குளுந்துச்சா?"

அம்மா நிமிரவில்லை. "குளுரலத்தா. பெட்டியே குளுரலன்னுல்ல சொல்றாக."

சுரேஷ்கண்ணனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தன் வாய் யாருடைய வாய் என்று தெரிந்தது.

"அம்மா. ஊரு உக்காந்துருக்கு. வந்து ஒரு கை அரிசி மட்டும் போட்டுரு. அப்பறம் இங்கனயே வந்து உக்காந்துக்க."

"அரிசியா?" நார் கிழிக்கும் கை நின்றது. "பாண்டியம்மாளத் தெரியுமாடா ஒனக்கு?"

தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து தவறியது என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். "எனக்கு மூத்தது…" என்று இழுத்தான்.

"மூத்தது என்ன மூத்தது. பாண்டியம்மா. பேரு வச்சுத்தான வளத்தேன்." மறுபடியும் மட்டையை எடுத்தாள். "நாலு வயசு. நீ அப்ப வயித்துல. காச்ச அனலாக் கொதிக்குது. இன்னைக்கு வண்டி பூட்டாதய்யான்னு இந்த மனுசன் கால்ல விழுந்தேன். மெட்டுல மூட்டைய எறக்கிட்டு விடியக்குள்ள வந்துருவேன்னு போனான். விடியக்குள்ள பிள்ள போயிருச்சு."

அத்தை முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சுருளியாண்டியத்தான் ஆள் விட்டோம். போன ஆள் தனியாத் திரும்பி வாராரு. மலைப்பாதையில ஒரு மாடு விழுந்து செத்துப்போச்சாம். நுகத்தடியில செத்த மாட்டத் தோலுரிக்க விடக்கூடாதாம், முழுசா அடக்கம் பண்ணணுமாம், இவுக வீட்டு வழக்கமாம். ஆளில்லாமப் போட்டுட்டு வந்தா எவனாச்சும் அறுத்துட்டுப் போயிருவானாம். அதுனால அதுக்குக் காவலா உக்காந்துருக்கானாம். 'நான் வரல, நீங்க எடுத்துருங்க'ன்னு சொல்லிவிட்டான். பெத்த பிள்ளைய." நார் சர்ரென்று கிழிந்தது. "அப்பன் வந்து வாயில அரிசி போடட்டும்னு அன்னைக்குப் பகல் பூராம் மடியில போட்டு ஈ ஓட்டுனேன். வெயில் எறங்கவும் ஊரு கேக்கல. புடுங்கிட்டுப் போயிட்டாக. மறுநாள் வந்தான், கையில மாட்டு மணியோட. 'சவத்த நல்லாக் காத்தியா'ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான். அப்பறம் பேசுனதெல்லாம் அந்தப் பேர்லதான்."

"மணி என்னாச்சு?" கேட்கக்கூடாத நேரத்தில் கேட்கக்கூடாததைக் கேட்பது சுரேஷ்கண்ணனின் பிறவிக் குணம்.

"குப்பைக் கெடங்குல போட்டேன். தேடிப் பாரு, இருக்கும்."

அத்தை மாட்டைப் பார்த்து, திரும்பி நடந்தாள். அவனும் வந்தான். ரேஷன் கடைக் கதை அவன் கூடவே வந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். எத்தனை முறை அய்யாவை வைத்துக்கொண்டே சொல்லியிருப்பான். அய்யாவும் சேர்ந்து சிரித்திருக்கிறார், கடைசியாக, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் சுருளியாண்டி பீடி பற்றவைக்க மூன்றாவது குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தார். சுரேஷ்கண்ணன் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தான்.

"மாமா. பாண்டியம்மா செத்த அன்னைக்கு மெட்டுக்குப் போனது நீங்கதானா?"

புகையை விடாமல் அவனைப் பார்த்தார். "சொல்லிட்டாளா?"

"எங்கய்யா ஏன் வரல?"

"கேக்காமலா இருந்தேன்? செருப்பக் கழட்டி அடிக்கப் போயிட்டேன். மாட்டுத் தலைமாட்டுல உக்காந்து, ஒரு வேப்பங்கொத்த ஒடிச்சு வச்சுக்கிட்டு, அது மூஞ்சியில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான். கண்ணு ரெண்டும் வீங்கிப் போய்க் கெடக்கு. 'இதுக்கு என்ன செய்யணும்னு தெரியும் சுருளி, குழி வெட்டணும். அங்கன வந்து நான் என்னத்தச் செய்யட்டும்?'ன்னான். நான் என்ன சொல்ல? எறங்கி வந்துட்டேன்."

"இத அம்மாட்டச் சொன்னீகளா?"

"சொல்லாதன்னுட்டான். அவளும் கேக்கல."

"இத்தன வருசமாவா?"

"ஒரே வீட்டுல இருக்கிற ரெண்டு பேரு அவுகளாப் பேசிக்கலேன்னா, நான் எங்கிட்டுப் போயி நடுவுல உக்கார?" பீடி அணைந்துவிட்டிருந்தது. அது தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். "நல்ல மாடு அது. செவலை."

போய் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று சுரேஷ்கண்ணன் தொழுவத்தின் பக்கம் நாலு எட்டு வைத்தான். சொன்னால் என்ன ஆகும்? கண் வீங்கியிருந்தது என்றால், எனக்கு வீங்கலையா என்பாள். குழி வெட்டத் தெரியும் என்றார் என்றால், பிள்ளைக்கு வெட்ட வேண்டியதுதானே என்பாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். பதில் சொல்ல வேண்டிய ஆள் குளிராத பெட்டிக்குள் படுத்திருக்கிறார்.

அப்போது அந்த வாசனை வந்தது. பந்தலில் இருந்தவர்கள் யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்று நினைத்தார்கள். அவனுக்குத் தெரியும். காயில் கருகும் வாசனை. அவன் பிழைப்பே அந்த வாசனையில்தான்.

"ஆஃப் பண்ணு! ஒயரப் புடுங்கு!" என்று ஓடினான்.

கம்ப்ரசர் முடிந்துபோயிருந்தது. வீரபாண்டி தலையில் கைவைத்துக்கொண்டான். "பெரியகுளத்துல ஒரு பெட்டி சும்மா இருக்குண்ணே, போன் போடவா?"

"அது வரதுக்குள்ள புள்ள வந்துரும்" என்றார் நாற்காலியில் இருந்த ஒருவர். "அவ பெரியகுளம் தாண்டிட்டாளாம்ல. பெட்டியத் தொறந்து வெளிய வைங்கப்பா. உள்ள வச்சா அவிஞ்சுபோகும்."

நாலு பேர் சேர்ந்து அய்யாவைத் தூக்கி, வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். கன்னத்தில் பெட்டியின் ஈரம் முத்து முத்தாக நின்றது. பார்க்கிறவர்களுக்கு, தோட்டத்திலிருந்து இப்போதுதான் வந்து படுத்தவர் மாதிரி இருந்தது.

ஈ வந்தது. திராட்சை அறுப்பு நேரம். கொடிப்பந்தலில் வெடித்த பழமும், தோட்டத்தோரம் கொட்டிய கழிவுமாக ஊரே ஈயாக இருந்தது. முதலில் ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. பிறகு கண்ணோரத்தில் இரண்டு. நதியா உரக்கடை விளம்பரம் போட்ட பிளாஸ்டிக் விசிறியை எடுத்து வீசினாள். ஓட்டியது எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்தது. பெண்கள் இரண்டு வரி ஒப்பாரி வைத்துவிட்டு, திருப்பூரிலிருந்து பஸ் எத்தனை மணி நேரம் என்று பேசிக்கொண்டார்கள். நதியா வலிக்கிற கையை மாற்றினாள். சுரேஷ்கண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினான். வாயோரம் உட்கார்ந்த ஒன்று போகவே இல்லை.

"தள்ளுடா."

அம்மா நின்றுகொண்டிருந்தாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. சேலையெல்லாம் வாழைநார்த் தும்பு. கையில் தொழுவத்து வேம்பில் ஒடித்த ஒரு கொத்து, ஒடித்த இடத்தில் பட்டை உரிந்து தொங்கியது. நதியா எழுந்து இடம் விட்டாள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, கொத்தை மெதுவாக, முகத்தில் படாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினாள். வாயோரத்து ஈ எழுந்து போனது.

புளியமரத்தடியில் சுருளியாண்டி எழுந்து நின்றார். அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சந்தனம்மாள் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "மதினி, ஒருவாட்டி வாய்விட்டு அழுதுரு. நல்லது."

"என்ன சொல்லி அழ?" என்றாள் அம்மா.

மற்றப் பெண்கள் ராசாவே என்பார்கள், என்னைக் கட்டிய தேவனே என்பார்கள். அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை இன்றைக்குச் சொல்ல முடியாது.

மகாலட்சுமி வந்தாள். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து விழுந்து, "அய்யா, அய்யா" என்று கதறினாள். அவள் கை பட்டுக் கொத்து தட்டிப்போகும்போதெல்லாம் அம்மா அதை மறுபடியும் எடுத்து ஆட்டினாள். குளிப்பாட்டத் தூக்கினார்கள், திரும்பக் கொண்டுவந்து அதே பெஞ்சில் கிடத்தினார்கள். அம்மா நகரவில்லை.

சொளகில் அரிசி வந்தது. எல்லோரும் போட்டார்கள். கடைசியில் அம்மா முன்னால் நீட்டினார்கள். நாற்காலிக்காரர்கள் நாலு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அம்மா அரிசியைப் பார்த்தாள். பிறகு அய்யாவின் வாயைப் பார்த்தாள்.

"எம்பிள்ளைக்கு அவுக போட்டாகளா?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. சொளகை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கொத்தை ஆட்டினாள்.

முன்னால் நின்ற பெரியவர் தொண்டையைச் செருமினார். "அது எப்படி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல…"

"தூக்குங்க மாமா" என்றான் சுரேஷ்கண்ணன். "போதும். எங்கம்மா வந்துட்டாக. தூக்குங்க."

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவர் உட்கார நாற்காலி தேடினார். சுருளியாண்டி முதலில் வந்து தலைமாட்டுப் பக்கம் குனிந்தார். வயதுக்குத் தகாத வேலை. ஒருத்தரும் தடுக்கவில்லை.

கொட்டு எழுந்தது. கொள்ளிச் சட்டியைக் கையில் கொடுத்து, முன்னால் நடக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காதே என்றார்கள். சட்டியின் புகை கண்ணில் ஏறியது. தெருவில் வீரபாண்டி காலிப் பெட்டியை வேனில் ஏற்ற ஒரு கை கிடைக்குமா என்று நின்றிருந்தான். ஆண்கள் எல்லோரும் பாடையோடு வந்துவிட்டார்கள்.

தெருமுனையில் சுரேஷ்கண்ணன் திரும்பிப் பார்த்தான். சொன்னதைக் கேட்கிற வழக்கம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

வாசலில் தண்ணீர் தெளித்துக் கூட்டத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காலியான பெஞ்சின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வேப்பங்கொத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது.